சீசனில் நேராக்கிய முடி

என் மகளின் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தது ஜாதகம் அல்ல, என் தலைமுடி. இதை நானே ஒப்புக்கொள்வதுதான் மரியாதை.

நாற்பத்தைந்து வயதுவரை ஹேர்பின் நிற்காமல் வழுக்கும் முடி எனக்கு. (அந்தத் திமிரும் இருந்தது.) அதன்பின் முளைத்ததெல்லாம் தேங்காய் நார். நரைத்தால் சாயம் பூசலாம். விறைத்தால் என்ன செய்வது? எண்ணெய் வைத்துப் படிய வாரினாலும் உச்சியில் நாலு முடி எழுந்து நின்று வருகிறவர்களை வரவேற்கும்.

அந்த ஆனியில் சென்னையிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னைவிட இரண்டு வயது மூத்தவர். போட்டோவிலோ கம்பி மாதிரி நேரான கூந்தல். பொறுக்குமா எனக்கு? தென்காசியில் ஒரு பார்லரில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"சீசன் நேரத்துல யாராச்சும் முடிய நேராக்குவாங்களாக்கா? மூணு நாளைக்கு ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது," என்றாள் பார்லர் பெண்.

"நான் என்ன அருவிக்கா போகப்போறேன்?" என்றேன். அருவிக்குப் பக்கத்தில் மேலகரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, அருவி கொட்டும் சீசனில் விருந்தாளியையும் கூப்பிட்டுவிட்டு இப்படிச் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. இரண்டு பக்கமும் பிடித்துப்போயிற்று. உடனே என் வீட்டுக்காரர், "கெளம்புவமா? மெயினருவில தண்ணி நல்லா விழுதாம்லா," என்றார். (ஊருக்கு வந்தவர்களைக் குளிக்க வைக்காமல் அனுப்பினால் அவருக்குச் சோறு இறங்காது.)

அருவிக்குக் கொஞ்சம் முன்னாலேயே சாரல். பையிலிருந்த ஜவுளிக்கடை கவரை எடுத்துக் காதுவரை இழுத்து மாட்டிக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்தார்.

"வாங்க அண்ணி, சேர்ந்தே குளிப்போம்."

"எனக்குச் சளி."

"ஏட்டி, காலைல ரெண்டு ஐஸ்கிரீம் திங்கும்போது சளி எங்கன போச்சு?" என்றார் என் வீட்டுக்காரர்.

வேறு வழியில்லாமல், "டாக்டர் தலையில தண்ணியே படக்கூடாதுன்னுட்டாரு," என்று சொல்லித் தொலைத்தேன்.

பத்து நிமிடத்தில், அவர்களோடு குளிக்கப் போன மகள் சொட்டச் சொட்ட ஓடிவந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

"உங்கம்மாவுக்குத் தலையில என்ன வியாதி, பரம்பரையா வருமான்னு அவங்கம்மா கேக்காங்கம்மா. இந்த இடம் போச்சுன்னா உன்கிட்ட பேசவே மாட்டேன்."

இரண்டு வருஷம் அலைந்து அமைந்த இடம், அவளுக்கும் பையனைப் பிடித்திருந்தது. கவரை உருவி அவள் கையில் கொடுத்துவிட்டு, பெண்கள் பக்கம் போய் அருவிக்குள் தலையைக் கொடுத்தேன்.

துவட்டி முடித்தபோது இடப்பக்கம் நேராகத் தொங்கியது, வலப்பக்கம் பழைய நார் புடைத்து நின்றது. பார்லர், மூன்று நாள் கணக்கு, அவருடைய போட்டோ என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

அவர் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்ற பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களுக்குச் சொட்டைன்னு நெனச்சு நான் பேத்தி வரைக்கும் கவலைப்பட்டுட்டேன். என்னுது மட்டும் தன்னால நேரா வந்துச்சா அண்ணி? வருஷத்துக்கு ரெண்டு தடவை போய் உட்காருறேன்."

ஆவணியில் கல்யாணம். என் நார்முடிக்குத் தேங்காயெண்ணெய் வைத்துக் கொண்டை போட்டு, பூ சுற்றி, நிம்மதியாக மணையருகே நின்றேன். இன்றுவரை அதே கொண்டைதான்.

ஆனால் மருமகன் விடுவதாக இல்லை. ஒவ்வொரு சீசனுக்கும் பெட்டியிலிருந்து முதலில் எடுத்து நீட்டுவது ஒரு ஜவுளிக்கடை கவர். மேற்கே லேசாக இருட்டினால் போதும், மொட்டைமாடியிலிருந்து அவர் குரல் வரும்.

"அத்தை, மழை வர்ற மாதிரி இருக்கு. காயப்போட்ட துணியையும் உங்க தலையையும் எடுத்து உள்ள வைங்க."