ஜெராக்ஸ் வேந்தன் கவனம் குவித்த படலம்

எட்டுக்குப் பத்தடி மண்டலத்தை ஒற்றை மின்விசிறியின்கீழ் ஆள்பவனே, ஒன்றைக் கொடுத்தால் இரண்டாக்கித் தரும் வள்ளலே, காகிதம் சிக்கினால் இயந்திரத்தின் வயிற்றைப் பிளந்து குடலை உருவும் கருவிரல் வீரனே, பதிவு அலுவலகத்துக்கு நேரெதிரே ஸ்டூலேறி வீற்றிருக்கும் ஜெராக்ஸ் வேந்தே, வாழி! நின் போரைப் பாடப் புகுந்தோம். முடிவு எப்படிப் போனாலும் எங்களை நோகாதே.

அன்று காலை, கடைச்சாவியை நீட்டியபடியே அவன் இல்லத்தரசி ஓர் ஆணை பிறப்பித்தாள்: "ஆறு வருஷமா அதே மிஷின், அதே ஸ்டூல். சாயங்காலத்துக்குள்ள கடை வளர ஒரே ஒரு வழி கண்டுபிடிச்சு வைங்க. இல்லேன்னா நாளையிலேர்ந்து எங்கண்ணன் கிடங்குல மூட்டை எண்ணுங்க. கடைய நான் பாத்துக்கறேன்."

மச்சான் கிடங்கு! "மாப்ளே, இப்படி வாங்க" என்று விரல் சொடுக்கி அழைக்கும் அந்தப் பெருந்தொந்திக் கொற்றவனின் கொடிநிழலில் குனிந்து நிற்பதா? வேந்தனின் மீசை துடித்தது. கவனத்தை ஒரே புள்ளியில் குவித்தவனுக்கு வாய்ப்பு வாசல் தேடி வரும் என்று கைப்பேசியில் கோட்டணிந்த ஒருவர் முழங்கியிருந்தார். ஆகவே வெள்ளைத் தாளொன்றை விரித்து, 'வளர்ச்சி' என்று தலைப்பிட்டு, இருமுறை அடிக்கோடிட்டு, மேசையோடு சணலால் கட்டிக் கிடந்த தன் ஒரே பேனாவை அவிழ்த்துச் சட்டைப்பைக் கோட்டைக்குள் சிறைவைத்து, கண்மூடி அமர்ந்தான்.

வந்தான் முதற்பகைவன், கோப்புக்கட்டைக் கேடயமாய் ஏந்தி. "அண்ணே, பேனா இருக்குமா? ஒரு கையெழுத்து, உடனே தந்துடறேன்."

"யோசனையில இருக்கேன், கண்ணு தெரியல? பக்கத்துப் பூட்டுக்கடையில கேளு, போ!"

அச்சொல்லம்பு தைத்துப் பகைவன் பூட்டுக்கடைப்பக்கம் சாய்ந்தான். வேந்தன் பேனாவை உருவி, பாழாய்ப்போன ஒரு நகலின் முதுகில் வெற்றிக்கோடு ஒன்று கீறினான்.

பின்னர் நிகழ்ந்ததை எந்த நாவால் உரைப்போம்! மழைவாசம் கண்ட ஈசல்படைபோல், வீடு வாங்கியோர், வீடு விற்றோர், மாலை வாடுமுன் திருமணம் பதிய ஓடிவந்த புதுமணத் தம்பதியர், அவர்களுக்குச் சாட்சிக்கு வந்து சலித்தோர், மூக்குக்கண்ணாடியை நெற்றியிலும் படிவத்தைப் பல்லிடுக்கிலும் தாங்கிய வக்கீல் குமாஸ்தா என அணியணியாய் வந்து மோத, அத்தனை பேரையும் வேந்தன் கண்திறவாமலே "பேனா இல்ல, பூட்டுக்கடை!" என்னும் ஒரே கணையால் திசைதிருப்பி, கோட்டுக்குமேல் கோடு கீறி, மீண்டும் வளர்ச்சியில் ஆழ்ந்தான். வளர்ச்சியோ வெண்பனி மூடிய மலைபோல் வெறுமையாகவே கிடந்தது.

நண்பகலில் பூட்டுக்கடை வாசலில் ஏதோ அட்டைப்பெட்டி இறங்கியது. ஓரக்கண்ணால் கண்ட வேந்தன், "பூட்டு விக்கத் துப்பில்ல, பெட்டி பெட்டியா எறக்கறான்" என இகழ்ந்தான். சற்றைக்கெல்லாம் பூட்டுக்கடைக்காரரே ஒரு தேநீர்க் குவளையுடன் வந்து, "அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்ணே" எனத் தழுதழுத்தார். சிற்றரசன் செலுத்திய திறையென்று அதை ஏற்று, வேந்தன் ஒரே மூச்சில் குடித்தான்.

மாலை. இல்லத்தரசி எழுந்தருளினாள். வளர்ச்சித் தாளைப் புரட்டிப் பார்த்தாள். முன்னும் வெறுமை, பின்னும் வெறுமை. கோடுகள் நிறைந்த தாளை எடுத்தாள்.

"இது என்னங்க? நாப்பத்தொண்ணு இருக்கு."

"என் கவனத்தைக் கலைக்க வந்தவனுங்க. ஒருத்தனையும் விடலியே! எல்லாரையும் வெரட்டிட்டேன்."

"எதுக்கு வந்தாங்க?"

"எல்லாருக்கும் ஒரே பாட்டுதான். பேனா, பேனா, பேனா..."

மூன்றாவது 'பேனா'வில் வேந்தன் குரல் தேய்ந்தது. பக்கத்தில் பூட்டுக்கடைக்காரர் மூன்றாம் பேனாப் பெட்டியின் நாடாவைக் கிழிக்கும் ஓசை, போர் ஓய்ந்த களத்தில் ஒற்றைச் சங்கொலியாய் எழுந்தது. இல்லத்தரசி அவன் சட்டைப்பைக் கோட்டைக்குள் இருவிரல் விட்டுச் சிறைப்பட்ட பேனாவை மீட்டாள். அடிக்கோடிட்ட தலைப்பின்கீழ் 'பேனா, ஐந்து பெட்டி' என்று எழுதினாள். கடைச்சாவிக்குக் கை நீட்டினாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜெராக்ஸ் கடைக்காரர் மச்சான் கிடங்குக்குப் போனார்.