கடலூர் வீட்டில் ஊதுபத்தி பெண் பார்த்த கதை

சிதம்பரத்தில் காற்றைக் கண்ணால் பார்த்த ஒரே மனுஷன் எங்கள் ஹாஸ்டல் ‘ஊதுபத்தி’தான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

கடலில் மிதக்கும் காற்றாலையைச் சுற்றிக் காற்று எப்படிப் போகும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது அவர் ஆராய்ச்சி. ஒரு தடவை ஓடவிட்டால் விடை வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை சும்மா இருப்பாரா? ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு கிளம்பிவிடுவார். பஸ்ஸுக்குப் பின்னால், மெஸ் ஃபேனுக்குக் கீழே, ஒருநாள் எருமைக்குப் பின்னாலும் நீட்டிப் புகை போகும் போக்கைப் பார்த்தார். நல்லவேளை, எருமை சாது.

2010 வாக்கில் என்னைப் பார்க்க வந்த அப்பா, கீழவீதியில் இந்தக் கோலத்தைக் கண்டுவிட்டார். கையில் ஊதுபத்தி, கோபுரப் பக்கம் முகம், இமைக்காத கண்.

“என்னா பக்திடா இந்தப் புள்ளைக்கு!”

“அது வந்துப்பா...” என்றேன். காதில் வாங்கினால்தானே! அக்காவுக்கு வந்த வரனெல்லாம் தட்டிப்போய், அப்பா தூக்கமில்லாமல் அலைந்த சமயம். விசாரித்ததில் தூரத்து உறவாகவும் போய்விட, அடுத்த வாரமே கடலூரில் எங்கள் வீட்டில் பெண் பார்க்கும் படலம்.

கேசரி வந்தது, அக்கா வந்தாள். மாப்பிள்ளை கண் டேபிள் ஃபேன் மேல்.

“மாமா, ஊதுபத்தி இருக்குமா?”

அப்பாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை, கொளுத்தியே கொடுத்தார். இவர் சாமி படத்தைத் தாண்டிப் போய் ஃபேனுக்கு எதிரே குந்திக்கொண்டார்.

“என்னா தம்பி பண்றீங்க?”

“கடல்ல மெதக்குற காத்தாலை அலையில முன்னயும் பின்னயும் ஆடும் மாமா. தான் கலைச்சுவுட்ட காத்துக்குள்ள தானே போயி மாட்டிக்கும். அதத்தான் பாக்குறேன்.”

“எந்தக் கடல்ல வெச்சிருக்கீங்க?”

“இன்னும் வெக்கல. கம்ப்யூட்டர்லதான்.”

“காத்து?”

“அதுவும் கம்ப்யூட்டர்லதான் மாமா.”

அப்பா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனார். “இல்லாத கடல்ல இல்லாத காத்தப் பாக்குறான். இவன நம்பிப் பொண்ணு குடுக்கவா?” அக்காவுக்கு இதுவும் போச்சே!

திரும்பி வந்தால், அக்கா ஃபேனின் கழுத்தைப் பிடித்து முன்னும் பின்னும் சாய்த்துக்கொண்டிருக்கிறாள்.

“இவ்ளோ ஆடுமா?”

“கொஞ்சம் கம்மியா... ஆங், அதான்!”

புகை சுருண்டு சுருண்டு போனது. அவர் சொல்லச் சொல்ல அக்கா கேட்டுக்கொண்டேயிருந்தாள். அந்த மனுஷனிடம் அதுவரை இரண்டாவது கேள்வி கேட்டவர்களே கிடையாது, நான் உட்பட.

அப்பா தொண்டையைச் செருமினார். அடுப்படிப் பேச்சு அக்கா காதில் விழுந்திருக்கிறது.

“இன்னும் வராத ஒன்னுக்காக இத்தன வருஷமா அலுத்துக்காம ஒழைக்கிறாருப்பா. வந்த பொண்டாட்டிய வுட்டுடுவாரா?”

அப்பா வெற்றிலைத் தட்டை எடுக்க உள்ளே போனார். எனக்குச் சந்தோஷம் தாங்காமல், முதல் தடவையாக ஊதுபத்தியை “மாமா!” என்று கூப்பிட்டேன்.

அதுவரை என்னைத் தம்பி என்றே கூப்பிட்டவர், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “ஆடாம நில்லு மச்சான், பொக கலஞ்சிடப் போவுது.”