எல்வீரா பிறந்ததற்குச் சாட்சி

மதிப்புக்குரிய ரொகெலியோ அண்ணனுக்கு, பிரவுன்ஸ்வில்லிலிருந்து தங்கை எல்வீரா எழுதுவது. அம்மா, அம்மாவின் சர்க்கரை, கோழிகள், நான் எல்லோரும் நலம். டல்லாஸில் நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "இந்த மண்ணுல பொறந்துட்டா மட்டும் குடிமகனா? அப்பன் ஆத்தா யாருன்னு பாக்க வேணாமா?" என்று வானொலியில் நீங்கள் பேசியதை அம்மாவும் கேட்டாள். தொண்டை கட்டியிருக்கிறது, தேன் சாப்பிடச் சொல் என்றாள்.

விஷயம் இதுதான். அக்டோபரில் என் மகளுக்கு மெக்சிகோவில், மான்டெர்ரேயில் திருமணம் என்பதால் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தேன். என் பிறப்புச் சான்றிதழில் மருத்துவச்சி எஸ்டெலாவின் கையெழுத்து இருக்கிறதாம், ஆற்றுக்கு அக்கரையில் மெக்சிகோவில் பிறந்த சில குழந்தைகளையும் அவள் இக்கரையில் பிறந்ததாக எழுதிக்கொடுத்தாளாம், ஆகவே நான் இங்கே அமெரிக்காவில்தான் பிறந்தேன் என்று நிரூபிக்க வேண்டுமாம். பிறப்பால் வரும் குடியுரிமையைப் பற்றி இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன் என்றேன். அது அத்தாட்சி ஆகாது. ஞானஸ்நானச் சீட்டைக் காட்டினேன். அது பிறந்து ஐந்து வாரம் கழித்துக் கொடுத்தது. அதற்குள் நான் ஆற்றைக் கடந்திருக்கலாம். அம்மாவையே அழைத்துப் போனேன். பாஸ்போர்ட் அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவரிடம், "பெத்தவ நானு, எங்க பெத்தேன்னு எனக்குத் தெரியாதா தம்பி? ஒன்ன ஒங்கம்மா எங்க பெத்தான்னு நீ பாத்தியா?" என்று கேட்டாள். அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். பிரசவத்தின்போது வீட்டில் இருந்த வேறொருவர், தன் பிறப்புச் சான்றிதழோடு உறுதிமொழி எழுதித் தந்தால் பரிசீலிக்கலாம் என்றார் அவர்.

அப்படி உயிரோடு இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அப்போது உங்களுக்கு ஆறு வயது. "பொண்ணா? அப்ப திருப்பி அனுப்பிடுங்க" என்று அழுதீர்களாம். அதை எழுத வேண்டாம். நான் இந்த வீட்டில்தான் பிறந்தேன் என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் நான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் திருமணத்துக்குப் போகலாம், வீட்டுக்குத் திரும்ப முடியாது. உங்கள் கொள்கைக்கு இது ஒத்துவராது என்று தெரியும். நாம் பிறந்தபோது அப்பாவும் அம்மாவும் எந்த நாட்டுக் குடிமக்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

மாதா உங்கள் இருவரையும், உங்கள் தொண்டையையும் காப்பாற்றட்டும்.

பணிவுள்ள தங்கை,
எல்வீரா

பின்குறிப்பு: எதையும் எழுதி அனுப்ப வேண்டாம். உங்கள் பிறப்புச் சான்றிதழின் நகலைத் தேடியபோது அம்மாவின் பெட்டியில் இரண்டு கிடைத்தன. முதலாவது எஸ்டெலா கொடுத்தது. இரண்டாவது அக்கரை ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அதில் தேதி மூன்று நாள் முந்தியது. அம்மாவிடம் கேட்டேன். "அவனுக்குத் தல பெருசுடீ. எஸ்டெலா தன்னால ஆகாதுன்னுட்டா. அக்கரைக்கு ஓடுனோம். திரும்பி வந்ததும் பாவம்னு அவதான் எழுதிக் குடுத்தா" என்றாள். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "யாரு கேட்டீங்க?" என்றாள். பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். எனக்குப் பதிலாக நீங்களாவது திருமணத்துக்குப் போய்வாருங்கள் என்று எழுத நினைத்தேன். வேண்டாம் அண்ணா, நீங்களும் பாலத்தைத் தாண்டாதீர்கள்.