திருந்தியவர் தேவை

"பாய், ஒரு பத்து நிமிஷம் நீ திருடனா இருக்கணும்" என்றார் ஏட்டு தாமோதரன்.

தலையணைக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்த சௌக்கத் அலியின் கை அப்படியே நின்றது. டோல்கேட்டில் வெகு காலமாகத் தலையணைக் கடை வைத்திருப்பவர். சிக்னலில் மஞ்சள் விழுந்தாலே, பின்னால் வருகிறவன் திட்டினாலும் வண்டியை நிறுத்திவிடுகிற ஆள்.

"இன்னா ஏட்டய்யா, காலங்காத்தால பேஜாரு பண்றீங்க?"

விஷயம் இதுதான். சிறைக்குப் போய்த் திருந்தி வருகிறவர்களுக்கு ஒரு தொழில் வைத்துக் கொடுக்க அரசாங்கத்தில் ஒரு திட்டம் இருந்தது. அதில் உச்சிமாகாளி என்பவனுக்கு ஓர் இஸ்திரி வண்டி கிடைத்தது. போன வருடத்திலிருந்து பாய் கடையை ஒட்டி அதை நிறுத்தி, ஒழுங்காகப் பிழைத்துவந்தான். திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க இன்றைக்குத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். உச்சிமாகாளியோ தங்கை கல்யாணத்துக்காகத் திருநெல்வேலிக்கு ரயிலேறிவிட்டான்.

"கல்யாணத்துக்குப் போயிருக்கான்னு சொல்லிடுங்களேன்."

"யாரு நம்புவாங்க? ஆள் எஸ்கேப்புன்னு எழுதிடுவாங்க. வண்டியத் தூக்கினு போய்டுவாங்க. இந்த ஏரியாவுக்குத் திட்டமே கட்டு. தையல் மெஷினுக்கு வேற பத்து பேரு காத்துக்கினு கீறாங்க பாய்."

'வண்டியக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க பாய்' என்று சொல்லிவிட்டுத்தான் உச்சிமாகாளி ஊருக்குப் போயிருந்தான். சௌக்கத் அலி பெருமூச்சு விட்டு, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"தாடிய இன்னா பண்றது?"

"திருந்தனவன் தாடி வெச்சிருப்பான், வுடு."

"நான் இன்னா திருடனேன்?"

அதற்குள் ஜீப் வந்து நின்றது. "நான் சைகைல காட்டறேன்" என்று தாமோதரன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

காட்டன் புடவையும் கண்ணாடியுமாக இறங்கிய மேடம், சௌக்கத் அலியை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் உச்சிமாகாளியா? எங்க, ஒரு துணி தேய்ச்சுக் காட்டுங்க பார்ப்போம்."

வண்டியில் இருந்தது ஒரே ஒரு சட்டை. இன்ஸ்பெக்டருடைய காக்கிச் சட்டை. பெட்டியில் தாமோதரன் முன்கூட்டியே மூட்டிவைத்த கரி கனிந்து கிடந்தது. வாழ்க்கையில் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டிராத சௌக்கத் அலி, அதை இரண்டு கையாலும் தூக்கிச் சட்டை மேல் வைத்துவிட்டு, பயபக்தியோடு காத்திருந்தார். புகை வந்தது. எடுத்துப் பார்த்தால், சட்டையின் முதுகில் பெட்டியின் அச்சு பிசகாமல் விழுந்திருந்தது.

தாமோதரன் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு வருஷமா இப்படித்தான் தேய்க்கிறீங்களா?"

"உங்களப் பாத்ததும் கை நடுங்கிருச்சு மேடம்."

"பழைய தொழில்ல நடுங்கலையா? என்ன திருடினீங்க, நீங்களே சொல்லுங்க."

மேடத்தின் முதுகுக்குப் பின்னால் தாமோதரன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, முஷ்டியை மடக்கி, எதையோ பிடித்து முறுக்குவது போல் காட்டினார். சௌக்கத் அலி அதைக் கூர்ந்து பார்த்தார். இரண்டு கொம்புகள். சந்தேகமே இல்லை.

"ஆடு மேடம்."

"ஃபைல்ல மோட்டார் சைக்கிள்னு இருக்கே?"

"ஆட்ட மோட்டார் சைக்கிள்ல வெச்சித்தான் மேடம் எடுத்துனு போனேன். மாட்டனது மோட்டார் சைக்கிள்தான்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி. உள்ள எப்படி இருந்துது?"

சௌக்கத் அலிக்குத் தெரிந்த துறை ஒன்றுதான். "எல்லாம் பரவால்ல மேடம். தலகாணிதான் ரொம்ப மோசம். கட்டி கட்டியா பஞ்சு."

"தலகாணியா?" மேடத்தின் குரல் சட்டென்று உயர்ந்தது. "உங்களுக்குத் தலகாணி குடுத்தாங்களா? எந்த பிளாக்ல?"

"அது... கடசி பிளாக்கு மேடம்."

"அநியாயம்" என்று முணுமுணுத்தார் மேடம். யாருக்கு அநியாயம் என்று சௌக்கத் அலிக்கு விளங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, சாப்பாட்டு கேரியரோடு அவர் மனைவி ரஹீமுன்னிசா வந்து சேர்ந்தாள். கடையில் ஆளைக் காணாமல் திரும்பியவள், தொப்பியில்லாமல் இஸ்திரி வண்டிக்குப் பின்னால் நிற்கிற கணவரைப் பார்த்தாள்.

"இன்னாங்க இது கோலம்?"

"உச்சிமாகாளி சம்சாரம் மேடம்" என்று பாய்ந்தார் தாமோதரன். புர்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "லவ் மேரேஜ்" என்று சேர்த்துக்கொண்டார்.

ரஹீமுன்னிசா கணவரின் முகத்தைப் பார்த்தாள். அதிலிருந்த கெஞ்சல் அவளுக்குப் புரிந்தது. மற்றது எதுவும் புரியவில்லை.

"இவர் திருடினது உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம இன்னா மேடம்?" கேரியரைக் கீழே வைத்துவிட்டு அவள் வசதியாக நின்றுகொண்டாள். "கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து திருட்டுதான். பீரோல நான் வெச்சிருந்த முறுக்கு டப்பா, பிரியாணில என் பங்கு கறி, எதையும் வுட்டதில்ல. கேட்டா, பூனைன்னு பொய்யி. இந்த மனுசன வெச்சிக்கினு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அவள் கண்ணில் நிஜமாகவே நீர் திரண்டது. மேடமும் மூக்கை உறிஞ்சினார்.

"இவ்வளவு மோசமா இருந்த மனுஷன் இன்னைக்கு உழைச்சுச் சாப்பிடறாரு. இதை நாலு பேர் தெரிஞ்சுக்கணும். ஏட்டு, இவர் போட்டோவைப் பெருசா அடிச்சு ஊர்ல இருக்கற எல்லா ஸ்டேஷன்லயும் ஒட்டச் சொல்றேன்."

செல்போனில் மூன்று கோணங்களில் படம் பிடித்தார். சௌக்கத் அலிக்கு அப்போதுதான் வீட்டு ஞாபகம் வந்தது. மகள் ஹஃப்சாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். சம்பந்தி வீடு ராயபுரத்தில், போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிர்ச்சந்து.

"மேடம்!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "நான் திருடனே இல்ல மேடம். ஒரு ஊக்குகூட எடுத்தது கெடையாது. தலகாணி விக்கறவன்."

"அய்யோ, ஆமா மேடம்" என்றார் தாமோதரனும் உடைந்துபோய். "நான்தான் நிக்க வெச்சேன்."

மேடம் சிரித்தார். சௌக்கத் அலியின் தோளை ஆதரவாகத் தட்டினார். "விடுங்க. வெட்கமா இருக்கு, இல்ல? எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்லுவோம். போகப் போகச் சரியாயிடும்."

வண்டி இருக்கட்டும், தையல் மெஷின்களும் வரும், திட்டம் அருமையாக நடக்கிறது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். தாமோதரனுக்குப் போன உயிர் திரும்பியது. சௌக்கத் அலிக்கு மட்டும் திரும்பவில்லை. பீடியை அணைத்துவிட்டு வந்த ஜீப் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அந்தப் போட்டோவ மட்டும் எப்படியாச்சும் நிறுத்துப்பா. பொண்ணு கல்யாணம் கீது."

டிரைவர் ஜீப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"போட்டோல்லாம் எங்கயும் போவாது பாய், நிம்மதியா இருங்க. ரிப்போர்ட்டு நல்லா கீதுன்னு நேத்தே எழுதியாச்சு. பெரிய மேடத்துக்கு இன்னைக்கு வேற மீட்டிங்கு. 'பத்து நிமிஷம் நீ போய் நின்னுட்டு வா'ன்னு எங்க கேன்டீன் தங்கபுஷ்பம் அக்காவ அனுப்பிட்டாங்க. அவங்களே இந்தத் திட்டத்துல திருந்தி வந்தவங்கதான்."

சௌக்கத் அலி வாயைப் பிளந்தார். "அவங்க மேல இன்னா கேஸு?"

"அதிகாரி மாதிரி வேஷம் போட்டு ஏமாத்தன கேஸு, பாய்."