ஓடுபாதை முனையில் ஆள் இல்லை

இனி மனிதர்களை வரைவதில்லை என்று நான் சபதம் எடுத்து வெகுகாலம் ஆகிறது. கடைசியாக வரைந்தது ஒரு விமானியை. கண்காட்சிக்கு வந்த ஓர் அம்மாள் அவன் முகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "பாவம், பல்வலியா?" என்று கேட்டார். அன்றோடு விட்டேன். விமானத்துக்குப் பல் கிடையாது.

இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களை வரைவது என் பிழைப்பு. இங்கிலாந்தில் எங்கள் லிங்கன்ஷயரில் குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்ட தளங்களெல்லாம் இன்று பீட்ரூட் வயல்கள். விமானங்கள் போய்விட்டாலும் அவற்றின் ஆணியை எண்ணுகிறவர்கள் போகவில்லை. அவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அதன் தலைவர் பின்ச்பெக், பூதக்கண்ணாடி இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதவர். ஒருமுறை என் படத்தில் ஓரமாக நின்ற லாரியின் முகப்பு விளக்குக்கு, வெளிச்சம் மேலே தெரியாமல் மறைக்கும் இருட்டடிப்பு மூடி போட மறந்துவிட்டேன். அப்புறம் ரொம்ப நாள் சங்கத்தில் எனக்கு 'விளக்கு' என்றே பெயர். மனைவி மேவிஸுக்குப் பயப்படுவதைவிட நான் பின்ச்பெக்குக்கு அதிகம் பயப்பட்டேன். இது அவளுக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மேவிஸின் அப்பா லங்காஸ்டர் விமானத்தின் வால் கூண்டில் துப்பாக்கியோடு உட்கார்ந்து போனவர். எங்கள் ஊர்த் தளத்திலிருந்துதான் போனார். நாற்பத்து நாலு மே மாதத்தில் ஒரு சாயங்காலம் போனவர் திரும்பவில்லை. அம்மா ஐரிஸ் அதே தளத்தில் வண்டி ஓட்டியவர். விமானத்தில் போகிறவர்களை விமானம் வரைக்கும் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. அன்றைக்குத் தன் கணவரையும் அவர்தான் கொண்டுபோய் விட்டார்.

அந்த விமானம் புறப்படும் காட்சியை ஊர் மண்டபத்துக்கு வரைந்து தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். மேவிஸ் எதையும் கேட்கிறவள் இல்லை. அன்று கேட்டாள்.

"செட்ரிக், அப்பா அம்மா ரெண்டு பேரும் அதுல இருக்கணும்."

"இருப்பாங்க" என்றேன்.

"பிரதி எடுப்பீங்கல்ல, அதுல அப்பாவுக்குப் பதிலா நான் கையெழுத்துப் போடலாமா?"

இங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தப் படங்களின் பிரதிகளில் கீழ் ஓரத்தில் பென்சிலால் கையெழுத்து வாங்குவது வழக்கம். வரைந்தவன் ஒரு மூலையில் போடுவான். நடுவில் போடுகிறவர்கள், அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் மட்டும். மகன், மகள், மைத்துனன் யாருக்கும் இடமில்லை. இதை அவளுக்கு நிதானமாக விளக்கினேன்.

"அங்க இருந்தவங்க மட்டுமா?"

"மட்டும்தான். விதின்னா விதி."

"சரி" என்றாள் மேவிஸ். அவள் சரி என்றால் நான் கவலைப்பட வேண்டும். அன்று மறந்துவிட்டேன்.

என் சபதத்தையும் காப்பாற்ற வேண்டும், மனைவியையும் சமாளிக்க வேண்டும். தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டேன். விமானம் ஓடுபாதையை விட்டு எழும்புகிறது. வால் கூண்டின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தேன். மாமனார் முடிந்தது. ஓடுபாதை முனையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட வண்டி ஒன்று நிற்கும். அதிலிருந்துதான் பச்சை விளக்குக் காட்டி விமானங்களை அனுப்புவார்கள். அதை வரைந்து கதவைச் சாத்தினேன். மாமியாரும் முடிந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு மேவிஸைக் கூப்பிட்டேன்.

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்து பார்த்தாள்.

"அப்பா எங்க?"

"கூண்டுக்குள்ள."

"அம்மா?"

"வண்டிக்குள்ள."

"ஏன் எல்லாரும் உள்ள இருக்காங்க? மழையா?"

"இல்ல, நல்ல சாயங்காலம்."

அவள் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். அன்று மாலை வீடு முழுக்கப் பழ ரொட்டி வேகும் வாசனை. ஒரு துண்டு கேட்டேன். தேவாலயத்துக்கு என்று சொல்லித் துணியில் சுற்றி எடுத்துப் போனாள்.

மறுநாள் கூப்பிடாமலே பின்ச்பெக் வந்தார். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தின் முன் நின்றார். பூதக்கண்ணாடி சக்கரத்தில் ஆரம்பித்து இறக்கை வழியாக வால் வரைக்கும் ஊர்ந்தது.

"விமானத்துல குத்தம் இல்ல" என்றார். நான் மூச்சு விட்டேன். அப்போது பூதக்கண்ணாடி ஓடுபாதை முனைக்கு வந்து நின்றது.

"ஆளுங்க எங்க?"

"எந்த ஆளுங்க?"

"கையசைக்கிற ஆளுங்க. ஒவ்வொரு விமானம் கெளம்பும்போதும் இந்த வண்டி பக்கத்துல தளத்து ஆளுங்க நின்னு கையசைப்பாங்க. மழையிலயும் நிப்பாங்க. நீங்க ஒருத்தரக்கூட நிக்க வைக்கலயே."

சங்கத்தில் இனி எனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று ஒரு கணம் யோசித்தேன். சபதம் பறந்துபோனது. நானே மேவிஸிடம் போய், ஒரு பெண் கையசைப்பது போல நிற்க வேண்டும், கொஞ்சம் உதவுவாயா என்று கெஞ்சினேன்.

"அம்மாவோட கோட்டு இருக்கு" என்றாள். இருந்தது. அலமாரியில் இல்லை, வாசல் கொக்கியில். பிரஷ் போட்டு, பொத்தான்களைத் துலக்கி, தயாராகத் தொங்கியது. அதைப் பார்த்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

பழைய ஓடுபாதை முனைக்குப் போனோம். பீட்ரூட் இலைகளுக்கு நடுவே கொஞ்சம் சிமெண்ட் இன்னும் கிடக்கிறது. மேவிஸ் அந்த நீலக் கோட்டில் எனக்கு முதுகு காட்டி நின்று கையைத் தூக்கினாள். முகம் வரைய வேண்டியதில்லை என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கோட்டோவியம் முடிந்தது.

"போதும், கைய இறக்கு."

அவள் இறக்கவில்லை.

"விமானம் தாண்டினதும் மத்தவங்க எல்லாம் திரும்பி நடந்துட்டாங்களாம். அம்மா நடக்கல. அப்பா வாலுல உட்கார்ந்திருக்கார், செட்ரிக். பின்பக்கம் பார்த்து. அவருக்குத் தரை தெரியிற வரைக்கும் அம்மா தெரிவாங்க. அதான் கைய இறக்கல."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"அப்ப அம்மா வயித்துல நான். அப்பாகிட்ட இன்னும் சொல்லல. போற நேரத்துல எதுக்கு, வந்ததும் சொல்லிக்கலாம்னு விட்டுட்டாங்க."

இத்தனை வருஷத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. அவள் அப்பாவின் விமானத்தைப் பற்றி நான் கேட்டதெல்லாம், அது எந்த ரக இஞ்சின் என்பதுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. காற்று அதிகம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணை நான் அவசரப்படாமல் வரைந்தேன். கட்டைவிரல் அளவுதான் இருந்தாள். ஆனால் அவள் வந்து நின்றதும், கூண்டுக்குள் நான் வைத்த புள்ளி ஓர் ஆளாகிவிட்டது. அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திறப்பு விழாவுக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. வந்தவர்கள் இறக்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தச் சின்ன முதுகின் முன்னால் நின்றார்கள். மேசையில் பிரதிகள் அடுக்கியிருந்தன. அன்றைக்கு அந்தத் தளத்தில் இருந்த இருவர் மட்டுமே வந்திருந்தார்கள், ஒரு பழைய மெக்கானிக், விமானத்தில் வழி கணித்துச் சொல்லும் வேலை பார்த்த ஒருவர். ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசையில் மேவிஸ் நின்றாள்.

நான் எழுந்து போய்க் காதருகில் சொன்னேன். "மேவிஸ், விதி இருக்குல்ல? அங்க இருந்தவங்க மட்டும்தான்."

"நானும் இருந்தேனே" என்று படத்தில் அந்த நீலக் கோட்டுப் பெண்ணைக் காட்டினாள். "நீங்கதான வரைஞ்சீங்க?"

விதியைக் காக்கப் பின்ச்பெக்கைத் தேடினேன். அவர் ஏற்கெனவே பூதக்கண்ணாடியோடு படத்தின் முன் குனிந்திருந்தார்.

"படத்துலயே இருக்காங்க. அங்க இருந்தவங்கதான்" என்றார். "விதின்னா விதி, செட்ரிக்." அவர் டையில் பழ ரொட்டித் துணுக்கு ஒட்டியிருந்தது.

அன்று தேவாலயத்துக்கு என்று போன ரொட்டி யார் வீட்டுக்குப் போனது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கோபப்படத்தான் பார்த்தேன், வரவில்லை. மெக்கானிக் எழுந்து அவளுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார். இதையாவது நான் செய்ததாக இருக்கட்டும் என்று பெருந்தன்மையோடு என் பென்சிலை நீட்டினேன்.

மேவிஸ் கைப்பையைத் திறந்தாள். தன் பென்சிலை வீட்டிலேயே சீவி எடுத்து வந்திருந்தாள்.