சாமுராய்க்கு வைத்த சந்தனப் பொட்டு

சொன்னதைச் செய்யாமல் கெட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். நான் சொன்னதற்கு மேல் செய்து கெட்டவன்.

பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் அப்போது எனக்கு ஆறாவது மாதம். வேலை நிரந்தரமானால்தான் பெண் தருவோம் என்று கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வீட்டார் சொல்லியிருந்தார்கள். (பெண்ணுக்கு என்னைப் பிடித்திருந்தது. அவள் அப்பாவுக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைத்தான் பிடிக்குமாம்.) அந்த ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டிய முதலாளி, ஆயுத பூஜையன்று காலையில் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் என்னிடம் கொடுத்தார்.

"தம்பி, நம்ம பம்பு வாங்கற ஜப்பான்காரரு பதினோரு மணிக்கு வாராருங்க. அதுக்குள்ள எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுபோடுங்க. ஒண்ணையும் உட்டுப்போடாதீங்க."

விடவில்லை. லேத், கம்ப்யூட்டர், தண்ணீர் கேன் எல்லாம் முடித்து விருந்தினர் அறைக்குப் போனேன். சுவரில் அந்த ஜப்பான்காரர் போன தடவை பரிசாகக் கொடுத்த இரண்டு படங்கள். மரப்பலகையில் செதுக்கி, மை தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுத்தவை. ஒன்றில் சாமுராய் வீரன் வாளை உருவி நிற்கிறான். இன்னொன்றில் கிமோனோ உடுத்திய பெண், குடைக்கடியிலிருந்து ஒய்யாரமாகத் திரும்பிப் பார்க்கிறாள்.

நீங்களே சொல்லுங்கள். நாளோ ஆயுத பூஜை. கம்பெனி முழுக்கத் தேடினாலும் ஆயுதம் என்று சொல்லத்தக்கது அந்த வாள் ஒன்றுதான். அதற்கு மூன்று பொட்டு, வீரன் நெற்றிக்கு ஒன்று. பக்கத்தில் அந்த அம்மணி நல்ல நாளும் அதுவுமாக வெறும் நெற்றியோடு இருக்க எனக்கு மனசு கேட்கவில்லை.

படங்களுக்குக் கண்ணாடி இல்லை என்பது, காகிதம் ஊறிய பிறகுதான் உறைத்தது. ஈரத்துணியால் துடைத்தேன் (அறிவாளி அல்லவா). குங்குமம் வாள் நெடுக வழிந்தது. அந்தப் பெண்ணின் நெற்றியும் சிவந்துபோய், அவன் வெட்டியது அவளைத்தான் என்பதுபோல் ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து முதலாளியும் ஜப்பான்காரரும் உள்ளே வந்தார்கள்.

"என்னங்க தம்பி இது?" என்றார் முதலாளி, மெதுவாக. எங்கள் ஊரில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். வேலையும் போச்சு, கோபிப் பெண்ணும் போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன்.

தெரிந்த ஆங்கிலத்தில் ஜப்பான்காரருக்கு ஆயுத பூஜையை விளக்கினேன். அவர் படத்தருகே போய் நின்றார்.

"வாளுக்குச் சரி. இந்தப் பெண்ணுக்கு ஏன்?"

"அவங்களை மட்டும் விட்டால் வருத்தப்படுவாங்க, சார்."

மனிதர் சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் சிரிப்பதைப் பார்த்து முதலாளியும் சிரித்தார். அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கைக்கு வந்தது. கூடவே, இனிமேல் குங்குமத்தைத் தொடக்கூடாது என்று ஒரு தடையும் வந்தது.

கல்யாணத்தன்று மட்டும் தொட்டேன். பழகின கைபோல் ஒரே தடவையில் நேராக வைத்துவிட்டேன். அதை இன்றுவரை என் மனைவி மன்னிக்கவில்லை. புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும் காபியை நீட்டிக்கொண்டே சொல்லிவிடுவாள்.

"நான் இவருக்கு ரெண்டாவதுங்க. மொதல்ல பொட்டு வெச்ச அம்மணி பீளமேட்டுல, செவுத்துல இருக்கறாங்க."