சுவரைப் பார்த்தபடி மாற்றிய கல்யாணம்

வெள்ளிக்கிழமை, பகல் இரண்டு இருபது. ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது நான் முதலில் கண்டது வாசலில் கழற்றியிருந்த ஒரு சோடிச் செருப்பு. கறுப்பு, புதியது, இரண்டும் சுவரோடு ஒட்டி நேராக வைக்கப்பட்டிருந்தன. எங்கள் வீட்டில் யாரும் செருப்பை அப்படிக் கழற்றுவதில்லை. வந்திருப்பவர் விளையாட்டான ஆள் இல்லை என்று அப்போதே தெரிந்தது.

நான் அந்த நாளில் கொழும்பில் ஒரு பத்திரிகையில் துணை ஆசிரியன். லீவில் கல்முனைக்கு வந்திருந்தேன். பத்திரிகையில் வேலை செய்கிறவனுக்குக் கணினி முழுவதும் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. (அந்த நம்பிக்கை கெடும்படி நான் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.)

என் தங்கச்சி றிஸானா கல்யாணங்களில் பெண்கள் பக்கத்தை வீடியோ எடுப்பவள். அந்தப் படம் எந்த அந்நிய ஆணின் கண்ணிலும் படக் கூடாது. அந்த ஒரு வாக்கில்தான் அவளுடைய தொழில் நிற்கிறது. முந்திய வாரம் எடுத்த ஒரு கல்யாணம் முழுவதும் அவளுடைய பழைய கணினியில் மட்டும் இருந்தது. அன்று காலை அதன் ஹாட் டிஸ்க் டிக், டிக் என்று அடிக்கத் தொடங்கியது. மெமரி கார்டுகளை அவள் ஏற்கெனவே அழித்துவிட்டாள். பென் டிரைவ் கொள்ளாது. வெள்ளிக்கிழமை என்பதால் கடைகள் பூட்டியிருந்தன. புது லேப்டொப் ஒன்று மட்டும் கையில் இருந்தது.

"கேபிள் ஒண்டால ரெண்டையும் நேராத் தொடுத்தாச் சரி," என்று காலையில் சொன்னது நான். எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒருமுறை செய்ததைப் பார்த்திருக்கிறேன். செய்தவர் வேறு. நான் பக்கத்தில் நின்று தேநீர் குடித்தேன்.

தங்கச்சி நேர்மையானவள். தன் காக்கா (அண்ணனை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கைவைக்கப் போகிறார் என்று மணப்பெண்ணின் தாய்க்குப் போன் எடுத்து அனுமதி கேட்டிருக்கிறாள். அந்தத் தாய் நேரில் வந்துவிட்டார். செருப்பு அவருடையது.

அறையில் கணினிக்கு நேரே கதிரை போட்டு, மடியில் குடையை வைத்துக்கொண்டு இருந்தார்.

"தம்பி சொல்லிக் குடுக்கட்டும். புள்ள செய்யட்டும். தம்பி சுவரப் பார்த்து இரிக்கட்டும்," என்றார்.

நான் சுவரைப் பார்த்து இருந்தேன். பச்சைச் சுவர். ஆணி ஒன்று இருந்தது. முதுகுக்குப் பின்னால் டிஸ்க் அடித்துக்கொண்டிருந்தது; என் இதயம் அதற்குச் சற்று முன்னால் ஓடியது. கேபிள் செருகப்பட்டது. ஐபி முகவரியில் இந்தக் கணினிக்குக் கடைசி எண் ஒன்று, அந்தக் கணினிக்கு இரண்டு என்று ஆணியிடம் சொன்னேன். தங்கச்சி தட்டினாள்.

"காக்கா, ஆரோட பகிரணும் எண்டு கேக்குது. 'எல்லாரும்' எண்டு ஒண்டு கிடக்கு."

"ஓம், அதப் போடு."

குடை தரையில் ஊன்றப்பட்ட சத்தம் கேட்டது. "எல்லாரும் எண்டா ஆரு?"

"அது மாமி, இந்த லேப்டொப் மட்டும்தான்."

"அப்ப ஏன் எல்லாரும் எண்டு போட்டிருக்கான்?"

தங்கச்சி வைபையை அணைத்துக் காட்டிய பிறகுதான் குடை மடிக்குத் திரும்பியது.

கல்யாணம் இரண்டு கார்டுகளில் எடுக்கப்பட்டு, இரண்டு ஃபோல்டர்களில் இருந்தது. "எல்லாத்தையும் ஒரே இடத்தில போடு, வசதி," என்றேன். (பிற்பாடு என் குடும்பத்தார் மனப்பாடம் செய்துகொண்ட வசனம் இது.) முதலாவது ஃபோல்டர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. மணப்பெண் அலங்காரம், மண்டபத்துக்குள் வந்தது, தாய் மகளின் தலையில் கைவைத்து துஆச் செய்து அழுதது எல்லாம் அதில் இருந்தன. இரண்டாவதைத் தொடங்கிவிட்டு, வந்தவருக்குத் தேத்தண்ணி ஊற்றத் தங்கச்சி குசினிக்குப் போனாள்.

அப்போது 'டங்' என்றது.

"தம்பி, ஒரு பெட்டி வந்திருக்கு. இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்கு."

"எத்தின வரி, மாமி?"

"ஒண்டுக்குக் கீழ ஒண்டா மூணு. திரும்பக் கூடா, சொல்லிப்போட்டன்."

டிஸ்க் அடிப்பது நின்று, மறுபடி வேகமாக அடித்தது. தலைப்பு வைக்க இரண்டு நிமிடம் இருக்கிறது என்று அச்சுக்கூடத்திலிருந்து கூப்பிடும்போது வரும் அதே குளிர் என் கழுத்தில் இறங்கியது. தங்கச்சியைக் கூப்பிட்டிருக்கலாம். (இதை ஒவ்வொரு பெருநாளுக்கும் யாராவது ஒருவர் எனக்கு எடுத்துச் சொல்கிறார்.) கணினி கேட்கும் எந்தக் கேள்விக்கும் முதலாவது விடைதான் சரி என்று நான் எங்கோ நம்பியிருந்தேன்.

"மேல உள்ளத அமத்துங்க, மாமி."

அழுத்தினார். பெட்டி போனது. சிறிது நேரத்தில் வேலை முடிந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு டிஸ்க் கடைசியாக ஒருமுறை முனகியது. அத்தோடு செத்தது. தங்கச்சி தேத்தண்ணியோடு வந்து லேப்டொப்பைத் திறந்து பார்த்தாள்.

கேமரா ஒவ்வொரு கார்டிலும் ஒன்றிலிருந்தே எண் போடும். இரண்டு ஃபோல்டரிலும் ஒரே பெயர்கள். அந்தப் பெட்டி, பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைக்கவா என்று கேட்டிருக்கிறது. இரண்டாவது கார்டில் இருந்தது சாப்பாடு. ஆக, அந்தக் கல்யாணத்தில் மணப்பெண் இல்லை. மூன்று மணி நேரம் பெண்கள் புரியாணி சாப்பிட்டார்கள்.

தங்கச்சி இதைத் தணிந்த குரலில் சொல்லி முடித்து லேப்டொப்பை மூடினாள். அவளுடைய தொழில் இந்த அறையிலேயே முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆணியும் அப்படித்தான் நினைத்திருக்கும்.

"தம்பி," என்றார் மாமி. "இனித் திரும்புங்க. பார்க்கிறதுக்கு ஒண்டும் இல்ல."

நான் திரும்பவில்லை. தைரியம் வரவில்லை.

அவர் தேத்தண்ணியை முழுவதும் குடித்தார். கோப்பையை வைத்தார். "புள்ள, உடுப்பு இன்னும் வீட்டிலதான் கிடக்கு. ஞாயித்துக்கிழமை திரும்ப உடுத்தி எடுப்பம். ஆனா எனக்கு ரெண்டாந்தரம் அழ வருமோ தெரியா."

ஞாயிறு மாலை தங்கச்சி கேமராவோடு திரும்பி வந்தாள். நான் கேட்கும் முன்பே சொன்னாள்: "முதல் நாளவிட நல்லா அழுதாங்க, காக்கா. உங்கள நினைச்சிருப்பாங்க."

இரண்டு வருடம் கழித்து அந்த வீட்டின் இளைய மகளுக்குக் கல்யாணம் வந்தது. வீடியோவுக்குத் தங்கச்சியைத்தான் கேட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள், அதுவும் என்னைப் பற்றி.

கல்யாணத்தன்று காலை ஏழரை பஸ்ஸில் நான் ஊரைவிட்டு அக்கரைப்பற்றுக்குப் போனேன்.